கடைசி இடம் யாருக்கு? அமெரிக்க அதிபர்களைத் தரம் பிரிக்கும் வழக்கு

ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளை முன்னிட்டு அமெரிக்காவில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை அரசு விடுமுறை. பேச்சு வழக்கில் அதை அதிபர்கள் தினம் என்பார்கள். அந்த நாளை ஒட்டி, இதுவரை பதவியில் இருந்த அதிபர்களை முதலிடம் தொடங்கிக் கடைசி இடம் வரை வரிசைப்படுத்தும் பட்டியல் ஏதாவது ஒன்று வெளிவருவதும், அதை வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் முதல் சாதாரண வாசகர்கள் வரை வாதாடுவதும் அங்கே வழக்கமாகிவிட்டன. பட்டியலின் தலைப்பகுதியில் அவ்வளவாகச் சச்சரவு இல்லை. ஆபிரகாம் லிங்கன், ஜார்ஜ் வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவரும் தமக்குள் இடம் மாறிக்கொள்வார்களே தவிர, நான்காமவர் ஒருவர் அங்கே நுழைவது அபூர்வம். சண்டையெல்லாம் அடிவரிசையில்தான். மிக மோசமான அதிபர் யார் என்ற கேள்விக்கு 1948இல் கிடைத்த விடை வேறு, இன்று கிடைக்கும் விடை வேறு; இடைப்பட்ட காலத்தில் அந்த அதிபர்களில் எவரும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து புதிதாக எதையும் செய்துவிடவில்லை. பிறகு எது மாறியது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விவாதத்தின் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம்முடையதைப் போன்ற நாடாளுமன்ற முறையில், அவையில் பெரும்பான்மை போய்விட்டால் பிரதமர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்க அதிபருக்கு அந்த ஆபத்து இல்லை. நான்காண்டுப் பதவிக்காலம் முடியும் வரை அவரை அசைக்க வேண்டுமானால், பிரதிநிதிகள் சபை குற்றம் சுமத்திக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு செனட் சபை விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், டொனால்ட் டிரம்ப் ஆகிய மூவர் மீது, டிரம்ப் மீது மட்டும் இரண்டு முறை, கண்டனத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. ஒருவரும் அதனால் பதவி இழக்கவில்லை. ஆகவே ஒரு மோசமான அதிபர் வாய்த்துவிட்டால் நாடு பெரும்பாலும் அவரைச் சகித்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. இப்படிப் பதவியில் இருக்கும்போது வழங்க முடியாத தண்டனையைப் பதவி போன பிறகு வழங்குவதாகவே இந்தப் பட்டியல்களைக் கொள்ளலாம்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர். 1948இல் லைஃப் இதழுக்காக அவர் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அதிபர்களை மகத்தானவர், மகத்துவத்தை நெருங்கியவர், சராசரியானவர், சராசரிக்கும் கீழானவர், தோல்வியடைந்தவர் என்று ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். தோல்வியடைந்தவர் என்ற வகுப்பில் இருவர் மட்டுமே இருந்தனர்: யுலிசீஸ் கிராண்ட், வாரன் ஹார்டிங். 1962இல் 75 பேரிடம் மீண்டும் கேட்டபோதும் அதே இருவர்தான் அங்கே அமர்ந்திருந்தார்கள். இருவரும் தாமே திருடியவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. தம்மைச் சுற்றித் திருடர்களைச் சேர்த்துக்கொண்டு, அது தெரியாமல் இருந்தார்கள் என்பதே இருவர் மீதும் சாட்டப்பட்ட குற்றம். அந்தத் தலைமுறை அறிஞர்களைப் பொறுத்தவரை, ஒரு அதிபர் செய்யக்கூடிய பெரும் பாவம் ஊழலுக்கு இடம் கொடுப்பதுதான்.

பிற்பாடு வந்த கணக்கெடுப்புகள் இப்படி ஒட்டுமொத்தமாக வகுப்புப் பிரிப்பதை விட்டுவிட்டு, தேர்வுத்தாள் திருத்துவதைப் போலப் பாடவாரியாக மதிப்பெண் போடத் தொடங்கின. நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நடத்திய கணக்கெடுப்புகளில், மக்களை இணங்கவைக்கும் திறன், நெருக்கடியைக் கையாளும் திறன், பொருளாதார நிர்வாகம், அறநெறித் தகுதி, வெளிநாட்டு உறவு, நிர்வாகத் திறமை, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துடன் இருந்த உறவு, தொலைநோக்கு, அனைவருக்கும் சமநீதி கிடைக்கப் பாடுபட்டது, தாம் வாழ்ந்த காலச் சூழலில் செயல்பட்ட விதம் எனப் பத்துத் தலைப்புகள் உள்ளன. சியனா கல்லூரி 1982 முதல் நடத்திவரும் கணக்கெடுப்பில் இருபது தலைப்புகள். அவற்றில் ஒன்று அதிர்ஷ்டம். சிரிக்கத் தோன்றினாலும் அது நேர்மையான சேர்க்கை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எந்தக் காலத்தில் பதவி வாய்க்கிறது என்பது ஒருவர் கையில் இல்லை.

இந்தப் பாடவாரிக் கணக்கில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்துத் தலைப்புகளுக்கும் ஒரே எடை கொடுத்தால், உயிர்போகும் தேர்வு ஒன்றில் முழுவதுமாகத் தோற்ற ஒருவர், சில்லறைத் தேர்வுகள் சிலவற்றில் தேறி மேலே வந்துவிட முடியும். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த ஊடுருவலை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கி, 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகிய ஒரே அதிபர் ரிச்சர்ட் நிக்சன். ஆயினும் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் 44 பேரில் அவருக்கு 31ஆம் இடம் கிடைத்தது. 1972இல் சீனாவுக்குப் போய் இறுகிக் கிடந்த உறவைத் திறந்துவிட்டதற்கும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை உருவாக்கியதற்கும் கிடைத்த மதிப்பு, அறநெறிப் பாடத்தில் வாங்கிய அடியைப் பெருமளவு ஈடுசெய்துவிட்டது. இன்னொரு வேடிக்கை வில்லியம் ஹென்றி ஹாரிசன். 1841 மார்ச் 4 அன்று பதவியேற்று ஏப்ரல் 4 அன்று இறந்துபோன அவர் ஆண்டது ஒரே ஒரு மாதம். ஷ்லெசிங்கர் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை; சி-ஸ்பான் சேர்த்துக்கொண்டு, கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிறுத்தியது. ஒன்றுமே செய்யாத ஒருவரை விடக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால், பதவியில் இல்லாமலே இருந்திருந்தால் நாட்டுக்கு நல்லது என்ற தீர்ப்பு அந்த நால்வருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 2021ஆம் ஆண்டு சி-ஸ்பான் பட்டியலில் கடைசியில் நிற்பவர் ஜேம்ஸ் புக்கானன், 227 மதிப்பெண். அவருக்கு முந்தையவர் ஆண்ட்ரூ ஜான்சன், 230. மொத்த மதிப்பெண் 1,000, முதலிடத்தில் இருக்கும் லிங்கனுக்கு 897 என்பதை வைத்துப் பார்த்தால், அடியில் உள்ள இருவருக்கும் இடையிலுள்ள மூன்று மதிப்பெண் வித்தியாசம் இல்லாததற்குச் சமம். 2022இல் சியனா கல்லூரி வெளியிட்ட பட்டியலில் இந்த வரிசை அப்படியே திரும்பி, ஜான்சன் கடைசியானார். இன்று நடக்கும் வழக்கு பெரும்பாலும் இந்த இருவருக்கு இடையில்தான். இவர்களுக்கு நடுவில் 1861 முதல் 1865 வரை ஆண்டவர் லிங்கன் என்பது தற்செயல் அன்று. வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே அடிமைமுறையை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போர் என்ற மாபெரும் போரின் வாசலில் நின்றவர் ஒருவர், அதன் பின்வாசலில் நின்றவர் மற்றவர்.

புக்கானனை அனுபவம் இல்லாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர், செனட்டர், ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதர், வெளியுறவுச் செயலர் எனப் பதவிகளின் படிக்கட்டில் ஒன்று விடாமல் ஏறி வந்தவர் அவர். 1857 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது ஆற்றிய உரையில், இன்னும் மாநிலமாகாத புதிய பிரதேசங்களில் அடிமைமுறையை அனுமதிக்கலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் விரைவில் தீர்த்துவைக்கும் என்றும், தீர்ப்பு எதுவானாலும் தாம் மகிழ்ச்சியோடு கட்டுப்படப்போவதாகவும் சொன்னார். இரண்டே நாளில், மார்ச் 6 அன்று, டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடைசெய்யக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்று ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் எதிர்ப்புறமும் நின்று வழங்கிய தீர்ப்பு அது. தீர்ப்பு எதுவானாலும் என்று புக்கானன் பேசியது வெறும் நடிப்பு. பதவியேற்பதற்கு முன்பே பிப்ரவரி மாதத்தில் அவர் நீதிபதி ஜான் காட்ரனோடு கடிதப் போக்குவரத்து நடத்தியதும், காட்ரனின் யோசனைப்படி தம் மாநிலத்துக்காரரான நீதிபதி ராபர்ட் கிரியருக்குக் கடிதம் எழுதிப் பெரும்பான்மைப் பக்கம் சேரும்படி தூண்டியதும், என்ன தீர்ப்பு வரப்போகிறது என்பதைக் கிரியரே பதில் எழுதித் தெரிவித்ததும் பிற்காலத்தில் வெளிவந்தன. வரப்போகும் அதிபர் ஒருவர், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் நீதிபதிக்குக் கடிதம் எழுதியதை எந்தக் காலத்து அளவுகோலாலும் நியாயப்படுத்த முடியாது.

அத்தகைய பிரதேசங்களில் ஒன்றான கான்சாஸ் விவகாரத்தில் அவர் இன்னும் பச்சையாக ஒரு பக்கம் சாய்ந்தார். அடிமைமுறை ஆதரவாளர்கள் லெகாம்ப்டன் என்ற ஊரில் கூடி எழுதிய அரசியல் சட்டத்தை 1858 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் 10,000க்கும் மேற்பட்டோர் நிராகரித்தார்கள். ஆதரவாக விழுந்த வாக்குகள் 200ஐக்கூட எட்டவில்லை. அந்த வாக்கெடுப்பை ஆதரவாளர்கள் புறக்கணித்திருந்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், குடியேறியவர்களில் பெரும்பாலோரின் விருப்பம் என்ன என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அதே சட்டத்தின் கீழ் கான்சாஸை மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளுமாறு புக்கானன் காங்கிரஸை வற்புறுத்தினார். தம் சொந்தக் கட்சியையே அதனால் இரண்டாகப் பிளந்துகொண்டார். இந்தக் கான்சாஸ் தீயை மூட்டிவைத்தது அவருக்கு முன் ஆண்ட பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்திட்ட, அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவுசெய்யட்டும் என்று விட்ட 1854ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், பியர்ஸும் எல்லாப் பட்டியல்களிலும் அடியிலேயே கிடக்கிறார்.

ஆனாலும் புக்கானனைக் கடைசி இடத்தில் ஆணியடித்து நிறுத்துவது 1860 நவம்பருக்கும் 1861 மார்ச்சுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்கள். அந்நாளில் நவம்பரில் தேர்தல் முடிந்தாலும் புதிய அதிபர் மார்ச் 4 அன்றுதான் பதவியேற்பார். அதை ஜனவரி 20 ஆக மாற்றியது 1933இல் வந்த இருபதாம் திருத்தம். அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் வென்றதும், அதை நம்பியிருந்த தென் மாநிலங்கள் கொதித்தன. டிசம்பர் மாதம் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் புக்கானன், ஒரு மாநிலம் ஒன்றியத்திலிருந்து பிரிந்து போவது சட்டப்படி செல்லாது என்றார். அதே மூச்சில், பிரிந்து போகிற மாநிலத்தை வலுக்கட்டாயமாகத் தடுக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். திருடுவது குற்றம், ஆனால் திருடனைப் பிடிக்கக் காவலருக்கு உரிமை இல்லை என்பது போன்ற வாதம் இது. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரி முதல் தேதிக்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த ஒன்றிய அரசின் கோட்டைக்கு ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிப் போன ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட் என்ற கப்பல்மீது 1861 ஜனவரி 9 அன்று குண்டு வீசப்பட்டது. கப்பல் திரும்பி வந்தது, அதோடு சரி. அவருடைய கருவூலச் செயலராக இருந்த ஹவல் காப், டிசம்பரில் பதவி விலகிப் போய், பிரிந்த மாநிலங்களின் தற்காலிகப் பேரவைக்கே தலைமை தாங்கினார்.

புக்கானனுக்காக வாதாடுபவர்களும் உண்டு. அன்றைய ராணுவத்தில் ஏறத்தாழ 16,000 பேர்தான் இருந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் மேற்கு எல்லையில் சிதறிக் கிடந்தார்கள். அவசரப்பட்டுப் படையை ஏவியிருந்தால் வர்ஜீனியா போன்ற தயங்கி நின்ற மாநிலங்களும் அப்போதே போயிருக்கும். அடுத்தவர் வரும் வரை போர் வெடிக்காமல் பார்த்துக்கொண்டதே பெரிய காரியம் என்பது அவர்கள் கட்சி. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் எடுத்துக்காட்டப்படுபவர் முந்தைய அதிபர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஜாக்சன். 1832இல் இதே தென் கரோலினா ஒன்றியத்தின் சுங்கவரிச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தபோது, ஜாக்சன் அதைத் துரோகம் என்று பிரகடனம் செய்து, படையைப் பயன்படுத்த அதிகாரம் தரும் சட்டத்தையும் காங்கிரஸிடம் கேட்டு வாங்கினார். மறுபக்கம் வரியும் குறைக்கப்பட்டு, தென் கரோலினா பின்வாங்கியது. அதிகாரம் இல்லை என்று புக்கானன் கையை விரித்த இடத்தில், 28 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொருவர் அதிகாரத்தைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார்.

இதே ஜாக்சன்தான் இந்த விவாதத்தின் இன்னொரு முடிச்சு. 1948இல் மகத்தானவர்கள் வரிசையில் வைக்கப்பட்ட அவர், சி-ஸ்பான் பட்டியலில் 2000இல் 13ஆம் இடத்திலும் 2021இல் 22ஆம் இடத்திலும் இருந்தார். அவர் 1830இல் கையெழுத்திட்ட செவ்விந்தியர் வெளியேற்றச் சட்டம் இதற்கு முக்கியக் காரணம். அந்தக் கொள்கையின்படி 1838இல் செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேர் துப்பாக்கி முனையில் ஜார்ஜியாவிலும் அதைச் சுற்றியும் இருந்த தங்கள் மண்ணிலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலுமாக ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள். உட்ரோ வில்சன் நிலையும் இதுதான். உலகப் போரையும் சர்வதேச சங்கத்தையும் முன்னிட்டு 1948இல் நான்காம் இடத்தில் இருந்தவர், 1913 முதல் ஒன்றிய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து தனியே பிரித்து உட்காரவைக்க இடம் கொடுத்தவர் என்பது கணக்கில் ஏறஏற இறங்கிக்கொண்டே வந்தார். 2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக்கொள்கைக் கல்லூரிக்கு வைத்திருந்த அவர் பெயரை நீக்கியது. இவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்லவே முடியாது. நினைத்ததை முடிக்கத் தெரிந்தவர்கள், நினைத்ததில்தான் கோளாறு. கையாலாகாதவரை மோசமானவர் என்பதா, கைவலிமையோடு தீங்கு செய்தவரை மோசமானவர் என்பதா? புக்கானனை முதல் அளவுகோல் பிடிக்கிறது. ஜாக்சனை இரண்டாவது பிடிக்கிறது. நடைமுறையில் பட்டியல்கள் முதலாவதையே அதிகம் தண்டிக்கின்றன.

ஹார்டிங்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் குற்றம் சிறுத்துப்போகிறது. கடற்படைக்கென ஒதுக்கப்பட்ட வயோமிங் டீபாட் டோம், கலிபோர்னியா எல்க் ஹில்ஸ் எண்ணெய் நிலங்களை அவருடைய உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார். எண்ணெய் அதிபர் எட்வர்ட் டோஹெனியிடமிருந்து ஒரு சிறு கறுப்புப் பையில் வைத்து 1,00,000 டாலர் அவருக்கு வந்து சேர்ந்தது. அதை லஞ்சமாக வாங்கிய குற்றத்துக்காக ஃபாலுக்குத் தண்டனை கிடைத்தது. அதே தொகையை லஞ்சமாகக் கொடுத்த வழக்கில் டோஹெனி விடுதலையானார். சட்டத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதே ஹார்டிங் 1921இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளையரும் கறுப்பரும் பிரித்து நிறுத்தப்பட்டிருந்த கூட்டத்தின் முன், கறுப்பினத்தவருக்கு அரசியல் சமத்துவம் வேண்டும் என்று பேசினார் என்பதையும், போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையிலிருந்த சோஷலிசத் தலைவர் யூஜீன் டெப்ஸை விடுவித்தார் என்பதையும் 1948இன் மதிப்பெண் தாளில் எழுத இடமே இருக்கவில்லை.

வாழும் காலத்துக் கருத்துக்கும் வரலாற்றின் கருத்துக்கும் உள்ள தூரத்தையும் ஹார்டிங்கிடமே காணலாம். 1923 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவில் அவர் இறந்தபோது, உடலை ஏற்றி வந்த ரயிலைப் பார்க்க வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்று அழுதார்கள். மறுபுறம் ஹாரி ட்ரூமனை 1952 பிப்ரவரியில் ஆதரித்தவர்கள் 22 சதவீதம்தான் என்றது காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. இன்று அவர் முதல் பத்துக்குள் நிலையாக இருக்கிறார். ஈராக் போரோடும் நிதி நெருக்கடியோடும் பதவியை விட்டுப் போன ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2009இல் 36ஆம் இடத்தில் தொடங்கி 2021இல் 29ஆம் இடத்துக்கு ஏறியிருக்கிறார். ஆகவே அண்மைக்கால அதிபர்களைப் பற்றிய தீர்ப்பை இடைக்காலத் தீர்ப்பாகவே கொள்ள வேண்டும். டிரம்ப் 2021ஆம் ஆண்டு சி-ஸ்பான் பட்டியலில் 41ஆம் இடத்திலும், 154 அறிஞர்கள் பங்கேற்ற 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் கடைசி இடத்திலும் வைக்கப்பட்டார். தேர்தல் முடிவை ஏற்க மறுத்ததும், 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் கும்பல் புகுந்ததும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். பல்கலைக்கழக அறிஞர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிச் சாய்வுடையவர்கள், அவர்கள் போடும் மதிப்பெண்ணில் அந்தச் சாய்வு இல்லாமல் எப்படி இருக்கும் என்பது அவருடைய ஆதரவாளர்களின் மறுப்பு. அதே 2024இன் நவம்பரில் வாக்காளர்கள் அவரை மீண்டும் அதிபராக்கினார்கள். இது அறிஞர்களைப் பொய்யாக்கிவிடாது. அறிஞர்களின் பட்டியல் வாக்காளர்களைப் பொய்யாக்கிவிடவும் செய்யாது.

இந்தப் பட்டியல்களை நம் பக்கத்திலிருந்து படிக்கும்போது உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிக்சனைத் தூக்கி நிறுத்துவது அவருடைய வெளிநாட்டு உறவு மதிப்பெண் என்று பார்த்தோம். சீனாவுக்கு அவர் விட்ட ரகசியத் தூதுக்குப் பாலமாக இருந்தவர் பாகிஸ்தானின் யாஹியா கான். அந்தப் பாலம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே, 1971 மார்ச் 25 முதல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளைக் கண்டும் காணாமல் இருந்தது வாஷிங்டன். டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சக அலுவலர்களும் தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று தந்தி அனுப்பினார்கள்; அதற்குப் பரிசாகப் பிளட் அங்கிருந்து மாற்றப்பட்டார். ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள்; டிசம்பரில் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி ஏவப்பட்டது. நிக்சனை அமெரிக்காவில் வாட்டர்கேட்டுக்காக மன்னிக்காதவர்கள்கூட இதை அதே எடையோடு பேசுவதில்லை. பத்துத் தலைப்புகளும் அமெரிக்காவுக்கு எது நல்லது என்று அளப்பவை. அதற்கு வெளியே விழுந்த பிணங்களுக்கு அதில் தனிப் பத்தி கிடையாது.

இனி ஆண்ட்ரூ ஜான்சன். விவாதங்களில் இவர் பெயரை எடுத்தவுடன், 1865 மார்ச்சில் துணை அதிபராகப் பதவியேற்றபோது குடித்துவிட்டு வந்து உளறினார் என்ற கதையைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். நடந்தது உண்மைதான், ஆனால் அது ஒரு பொருட்டே அல்ல. டென்னசியைச் சேர்ந்த தையல்காரர். பிரிந்து போன மாநிலங்களின் செனட்டர்களில் ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரே ஆள். அந்தத் துணிச்சலுக்காகத்தான் லிங்கன் அவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆறே வாரத்தில் லிங்கன் சுடப்பட்டு இறக்க, நாற்பது லட்சம் முன்னாள் அடிமைகளின் எதிர்காலம் இவர் கையில் வந்து விழுந்தது.

அவர் செய்தவற்றில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். 1865 ஜனவரியில் ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மன், தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையுள்ள கடலோரத் தோட்ட நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் பிரித்துக்கொடுக்க ஆணையிட்டிருந்தார். சுமார் 40,000 பேர் அங்கே குடியேறி உழத் தொடங்கியிருந்தார்கள். ஜான்சன் பழைய தோட்ட முதலாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கி, நிலங்களையும் திருப்பித் தரச் சொன்னார். அந்தச் செய்தியைச் சொல்லும் வேலை தளபதி ஆலிவர் ஹோவர்டுக்கு வந்தது. அக்டோபரில் அவர் எடிஸ்டோ தீவுக்குப் போய், தேவாலயத்தில் நெருக்கியடித்துக் கூடியிருந்த மக்களிடம், நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய முதலாளிகளிடமே கூலிக்குச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மக்கள் ஒரு குழு அமைத்து ஜான்சனுக்கு மனு எழுதினார்கள். நிலம் போயிற்று. அதே ஆண்டின் இறுதியிலிருந்து தென் மாநிலங்கள், வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரைச் சோம்பித் திரிபவர்கள் என்று கைது செய்து, அபராதம் கட்ட முடியாதவர்களைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு விடும் சட்டங்களை இயற்றின. அவற்றுக்கு எதிராகக் காங்கிரஸ் கொண்டுவந்த 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஜான்சன் ஒப்புதல் மறுத்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை மீறி நிறைவேற்றியது. கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த 14ஆம் திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்பதே தென் மாநிலங்களுக்கு அவர் காட்டிய வழி. 1868இல் செனட்டில் நடந்த விசாரணையில் 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் இல்லை என்றும் வாக்களிக்க, ஒரே ஒரு வாக்கில் அவர் பதவி தப்பியது.

இத்தனைக்கும் 1948ஆம் ஆண்டுப் பட்டியலில் 29 பேரில் ஜான்சன் 19ஆம் இடத்தில் சௌகரியமாக இருந்தார். காரணம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் எழுதிய வரலாறு. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் என்பது, பழிவாங்கத் துடித்த வடக்கத்தியர்கள் படிப்பறிவில்லாத கறுப்பினத்தவர் கையில் ஆட்சியைக் கொடுத்துத் தெற்கைச் சீரழித்த காலம் என்று அவர்கள் எழுதினார்கள். அந்தக் கதையில் ஜான்சன், அரசியல் சட்டத்தைக் காக்கத் தனித்து நின்றவர். அவருக்கு அடுத்து அதிபரான கிராண்ட், ஊழல் கும்பலின் கைப்பாவை. கறுப்பின அறிஞரான டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1935லேயே இதை ஆதாரங்களோடு மறுத்து எழுதினார். பல்கலைக்கழகங்கள் அதைக் காதில் வாங்க கறுப்பினத்தவரின் சம உரிமைக்காக 1960களில் நடந்த போராட்டம் வர வேண்டியிருந்தது. காதில் வாங்கிய பிறகு கதாநாயகனும் வில்லனும் இடம் மாறினார்கள். கிராண்டின் ஆட்சியில் சாராய வரி ஊழலில் நூறுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டது உண்மை. அவருடைய அந்தரங்கச் செயலர்மீதே வழக்கு நடந்ததும் உண்மை. ஆனால் 1871இல் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, கறுப்பினத்தவரைத் தாக்கிவந்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் ரகசியக் கும்பலின் கொலைகாரர்களைப் படையை அனுப்பிப் பிடித்தவரும் அவர்தான். ஊழல் பெரிதா, கறுப்பினத்தவரின் உயிர் பெரிதா என்று கேள்வியின் எடை மாறியதும், சி-ஸ்பான் பட்டியலில் 2000இல் 33ஆம் இடத்தில் இருந்த கிராண்ட் 2021இல் 20ஆம் இடத்துக்கு வந்துவிட்டார்.

என்னைக் கேட்டால் கடைசி நாற்காலி ஜான்சனுக்குத்தான் என்பேன். எழுபதாண்டுகளாகக் குவிந்துகொண்டிருந்த ஒரு வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் புக்கானன் நான்காண்டு காவல் இருந்தார். மோசமான காவலாளி, சில நேரம் தீக்குச்சியையும் எடுத்துக் கொடுத்தவர். ஆனாலும் வேறொருவர் இருந்திருந்தால் வெடித்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜான்சனிடம் வந்தது வென்று முடித்த போர். தோற்றவர்கள் என்ன நிபந்தனை போட்டாலும் ஏற்கும் மனநிலையில் 1865இன் கோடையில் இருந்தார்கள் என்பதற்கு அக்காலத்தவர் பலரின் சாட்சி இருக்கிறது. அந்தச் சில மாதங்களை அவர் மன்னிப்புப் பத்திரங்களில் கையெழுத்திட்டே கழித்தார். அவர் நழுவவிட்டதைச் சட்டமாக மீட்க இன்னொரு நூறாண்டு, இனப் பாகுபாட்டையும் வாக்குரிமை மறுப்பையும் தடைசெய்த 1964, 1965ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை, ஆயிற்று. புக்கானன்தான் கடைசி என்று சொல்பவர்கள் இதற்குப் பதிலாக 1861 முதல் 1865 வரை மாண்ட லட்சக்கணக்கானோரைக் காட்டுவார்கள். அதுவும் லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று.

இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: தாம் அரசியல் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காத்ததாகவே இருவரும் கடைசிவரை நம்பினார்கள். புக்கானன் 1866இல் தம் ஆட்சியை நியாயப்படுத்தி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ஜான்சன் 1875இல் செனட்டுக்கே திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 31 அன்று இறந்தார். டென்னசியின் கிரீன்வில் ஊரில் அவரை அடக்கம் செய்தபோது, அவர் விரும்பியபடியே உடலைத் தேசியக் கொடியில் சுற்றி, தலைக்கு அடியில் அரசியல் சட்டத்தின் பிரதி ஒன்றை வைத்தார்கள். அவர் எதிர்த்து நின்ற 14ஆம் திருத்தம் அந்தச் சட்டத்தில் சேர்ந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.